மொரிஸ் மைனர் ஏன் திக்குகிறது? நின்றுபோன வண்டிகளின் ஒரு சிறு வரலாறு



இது நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு நேரம் கிடைத்தால் ஆறுதலாக வாசியுங்கள். பழைய வண்டிகளைப் பற்றி ஒருமுறை எழுதுங்கள் சேர் என்று பலர் உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். அதிலும் ஒரே கேள்வியைத்தான் நாலைந்து பேர் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தீர்கள்: "பல வருஷம் ஷெட்டில் நின்ற கார். இஞ்சின் வேலை செய்து எடுத்தோம். ஸ்டார்ட் ஆகுது, ஆனால் திக்கித் திக்கித்தான் ஓடுது. ஒவ்வொரு பாஸும் ஒவ்வொன்று சொல்கிறார். பேசாமல் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவதா?"

நான் மெக்கானிக் அல்ல. வரலாறு படிப்பிக்கிறவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு வரலாற்றுக்குள் ஒரு பதில் இருக்கிறது. நம் ஊர்களில் எஞ்சியிருக்கும் மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார்கள் இந்த நாட்டின் எழுபது வருடச் சரித்திரத்தைத் தங்கள் இஞ்சினுக்குள் வைத்திருக்கின்றன. எந்தக் காலத்தில் எதற்காக நின்றது, என்ன எண்ணெய் குடித்தது, யார் கை வைத்தார்கள் என்று தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி. மருத்துவர் மருந்து எழுதமுன் "எப்ப தொடங்கினது, அதற்குமுன் என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்பதில்லையா? அதே வேலைதான் இதுவும்.

முதலில் வண்டி வந்த கதை.

மொரிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் இவரே வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்றே வருடம். பிரித்தானியாவுக்கு டொலர் தேவைப்பட்டது, ஏற்றுமதி செய்தால்தான் பிழைப்பு. ஆகவே அந்தக் கார் தொடக்கத்திலிருந்தே வெளிநாட்டு வீதிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. அதே வருடம் பெப்ரவரியில்தான் நமது நாடு சுதந்திரம் பெற்றது. சுதந்திர இலங்கையின் நடுத்தர வர்க்கம் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய கார்களின் வரிசையில் மைனருக்கு ஒரு பெரிய இடம் உண்டு. டொக்டர், தலைமை ஆசிரியர், தோட்டத்து கிளாக்கர், கொஞ்சம் வசதியான வியாபாரி என்று அந்தக் கால வீட்டுப் புகைப்படங்களைப் பார்த்தால் தெரியும். மாப்பிள்ளை காரும் அதுதான், ஆஸ்பத்திரி காரும் அதுதான்.

முதல் மைனர்களில் இருந்தது 918 சீசீ பக்கவாட்டு வால்வு இஞ்சின். 1952இல் மொரிஸும் ஒஸ்டினும் ஒன்றிணைந்து பி.எம்.சி. என்ற நிறுவனம் உருவானது. அதன்பின் ஒஸ்டினின் 803 சீசீ இஞ்சின் மைனருக்கு வந்தது. 1951இல் ஒஸ்டின் ஏ30 காருக்காகச் செய்யப்பட்ட அந்த இஞ்சின் குடும்பத்துக்கு 'ஏ சீரிஸ்' என்று பெயர். 1956இல் அது 948 சீசீ ஆனது, 1962இல் 1098 சீசீ ஆனது. மைனர் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. ஆனால் ஏ சீரிஸ் இஞ்சின் 2000ஆம் ஆண்டு கடைசி மினி வெளிவரும்வரை, அதாவது ஏறக்குறைய அரை நூற்றாண்டு உற்பத்தியானது. நம் ஊர்களில் நிற்கும் மைனர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்த இஞ்சின்தான்.

இந்த இஞ்சினில் ஒரு விசித்திரம் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நாலு சிலிண்டர், ஆனால் காற்றும் பெற்றோலும் உள்ளே போகும் வாய் இரண்டே இரண்டு. முதலாம் இரண்டாம் சிலிண்டர்களுக்கு ஒரு வாய், மூன்றாம் நாலாம் சிலிண்டர்களுக்கு ஒரு வாய். புகை வெளியேற மூன்று வாய்கள். நடுவில் இருப்பது இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்குப் பொது. ஆக மொத்தம் ஐந்து வாய்கள், ஐந்தும் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கட்டின் மேல். சிறிய, மலிவான, எளிய இஞ்சின் வேண்டுமென்று செய்த ஏற்பாடு அது. அயல்வீட்டாரோடு பொதுக் கிணறு வைத்திருப்பதைப் போல. கிணறு கலங்கினால் இரண்டு வீட்டுக்கும் கலங்கல் தண்ணீர்தான்.

அடுத்தது நிற்கத் தொடங்கிய கதை.

1960களின் தொடக்கத்தில் நாட்டில் வெளிநாட்டு நாணய நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி இறுகியது. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. பின்னர் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் வியாபாரம் அரசின் கைக்கு வந்தது. 1970 முதல் 1977 வரை மூடிய பொருளாதாரம். பாணுக்கு வரிசை, துணிக்குக் கூப்பன் என்ற காலத்தில் காருக்கு உதிரிப்பாகம் எங்கிருந்து வரும்? அந்தப் பதினைந்து இருபது வருடங்கள்தான் நமது 'பாஸ்' மாரை உருவாக்கியது. புதிய பிஸ்டன் ரிங் கிடைக்காவிட்டால் வேறு வண்டியின் ரிங்கை உரசிப் போட்டார்கள். கேஸ்கட்டைத் தாளில் வெட்டினார்கள். புஷ்ஷைக் கடைந்தார்கள். உலகில் மற்ற இடங்களில் பத்து வருடத்தில் குப்பைக்குப் போன கார்கள் இங்கே முப்பது வருடம் ஓடியதற்குக் காரணம் இந்தக் கைகள்.

1977க்குப் பிறகு கதவு திறந்தது. ஜப்பான் கார்கள் வந்தன. டட்சன் சனியும் கொரோலாவும் வந்ததும் மைனர்கள் ஷெட்டுக்குள் போயின. இதில் ஒரு வேடிக்கை. 1952 டிசம்பரில் ஜப்பானின் நிசான் கம்பனி ஒஸ்டினோடு ஒப்பந்தம் செய்து, ஒஸ்டின் ஏ40 கார்களையும் பின்னர் ஏ50 கார்களையும் ஜப்பானிலேயே பூட்டியது. உலகச் சந்தைக்கு ஏற்ற கார் செய்வதை நிசான் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடங்களில் ஒஸ்டினும் ஒன்று. மாணவன் வளர்ந்து வந்து ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டான்!

வடக்கில் நடந்ததோ வேறு கதை.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பெற்றோல், டீசல், பற்றரி என்று நீண்ட பட்டியலுக்குத் தடை. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்திய அளவில் போனது. அந்தக் காலத்தில் அங்கு உயிர்த்தெழுந்தவை இந்தப் பழைய கார்கள்தான். 'ஏ போட்டி' என்று அவர்கள் சொல்லும் ஒஸ்டின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொரிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, தட்டுத்தடுமாறி, பிரசவத்துக்கும் காயப்பட்டவர்களுக்கும் அந்த வண்டிகளே ஓடின.

இது புதிதாகப் பிறந்த வித்தை அல்ல. பிரித்தானிய விவசாயிகள் பாவித்த சிறிய பேர்குசன் உழவு இயந்திரத்தில் ஒரு வகை இதே முறையில்தான் ஓடியது. பெற்றோலில் ஸ்டார்ட், சூடான பிறகு மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய். ஆனால் அந்த இஞ்சின் அதற்கென்றே செய்யப்பட்டது. அமுக்கம் குறைவு, சைலன்சர் சூட்டில் எண்ணெயை ஆவியாக்கும் ஏற்பாடும் உண்டு. பழைய மைனரிலும் ஏ40இலும் அமுக்கம் 7.2க்கு 1 அளவில்தான் இருந்தது. அதனால்தான் அவை மண்ணெண்ணெயைத் தாங்கின. நவீன இஞ்சினுக்குள் அதை ஊற்றியிருந்தால் தட்டுச் சத்தத்திலேயே பிஸ்டன் போயிருக்கும்.

அதே வருடம் ஒக்டோபர் மாதக் கடைசியில் நம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டதை இங்கு வாசிக்கும் பலருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியால அவகாசம். வடமாகாணம் முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். வீடும் கடையும் லொறியும் காரும் அங்கேயே நின்றன. சாவியைக்கூடக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், அதே யாழ்ப்பாணத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தார்கள். அப்போதும் வண்டிகள் நின்றன. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது போய்ப் பார்த்தவர்களில் பலருக்கு வீட்டுக்குக் கூரையே இருக்கவில்லை, கார் எங்கே இருக்கப்போகிறது. 2006 ஓகஸ்டில் பாதை திரும்பவும் மூடியது. 2009க்குப் பிறகுதான் நிரந்தரமாகத் திறந்தது. ஆக, வடக்கோடு தொடர்புள்ள ஒரு பழைய காரை நீங்கள் இன்று வாங்கினால், அது மூன்று நாலு தரம் நீண்ட காலம் நின்று எழும்பிய காராக இருக்கலாம். அதன் சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய்க் கரியும் இருக்கலாம்.

கடைசியாக நின்றது எல்லோருக்கும் தெரியும். 2020இல் கொரோனா முடக்கம், வாகன இறக்குமதித் தடை. 2022இல் எரிபொருள் வரிசை. அந்த ஜூன் மாதம் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. பிறகு கியூஆர் முறை வந்தது. வாரத்துக்குக் கிடைத்த அந்தச் சில லீற்றரை யார் பழைய காருக்கு ஊற்றுவார்கள்? மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும்தான் ஊற்றினோம். மைனர்கள் மறுபடியும் ஷெட்டுக்குள். அதிலும் பலர் டாங்கிக்குள் இருந்த பெற்றோலோடே நிறுத்திவிட்டார்கள். அந்த நேரத்தில் அது தங்கம், யார் இறக்கி வைப்பார்கள்!

இனி, இப்படி நின்ற வண்டிக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பெற்றோல் தேன் அல்ல, வைத்திருக்க வைத்திருக்கக் கெடும். அதிலுள்ள இலேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். ஸ்டார்ட் ஆவதற்கு அந்தப் பகுதிதான் முக்கியம். மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். மாதக் கணக்கில் நின்ற பெற்றோலில் புளித்த வார்னிஷ் மணம் வரும். அந்தப் பிசின் காபரேற்றரின் ஜெட்டிலும் மிதவை ஊசியிலும் ஒட்டும். டாங்கியின் காலி இடத்தில் ஈரம் பிடித்துத் துரு விழும். மைனரின் மின்சாரப் பெற்றோல் பம்புக்குள் உள்ள பொயின்ட் கறுத்துப்போகும். டிஸ்ரிபியூட்டருக்குள் உள்ள பொயின்ட்டும் அப்படித்தான். திறந்தபடி நின்ற வால்வுகளின் வழியே ஈரக்காற்று உள்ளே போய் சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கும், ரிங் ஒட்டும். எலி வயரைக் கடிக்கும். இவையெல்லாம் நின்றதால் வருகிற நோய்.

திருத்தியதால் வருகிற நோய் வேறு. ஹெட்டைக் கழற்றிப் பூட்டினால் அதோடு பத்து விடயங்கள் அசைகின்றன. வயர்கள் இடம் மாறலாம், கேஸ்கட் சரியாக அமராமல் போகலாம், டப்பட் இடைவெளி, டைமிங் எல்லாம் மாறலாம். ஆகவே "நின்றதா, திருத்தியதா?" என்ற கேள்விதான் முதல் கேள்வி. நிற்கமுன் நன்றாக ஓடி, எழுப்பியதும் திக்கினால் எண்ணெய்ப் பக்கமும் பொயின்ட் பக்கமும் பாருங்கள். எழுப்பியபோது ஓரளவு நன்றாக ஓடி, ஹெட் வேலைக்குப் பிறகு திக்கினால், கடைசியாகக் கை வைத்த இடத்தைப் பாருங்கள்.

நம் பக்கத்தில் ஒரு 948 சீசீ மைனருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஹாஜியாரின் வண்டி. எழுபது தாண்டியவர். 2020இல் நின்றது. பிறகு ஹெட் வேலை செய்து எடுத்தார்கள். நின்ற இடத்தில் ஓடவிட்டால் கட்டில் ஆடுவதைப் போல ஆடும். வேகம் கொடுத்தால் ஓரளவு சரியாகிவிடும். ஒருவர் கொயிலை மாற்றினார். இன்னொருவர் பிளக்கை மாற்றினார். மற்றொருவர் காபரேற்றரைத் திறந்து முழுக்கிட் போட்டார். ஒவ்வொரு தடவையும் காசு போனது, நோய் போகவில்லை. கடைசியில் ஒருவர் "இதைக் கழற்றிவிட்டு ஜப்பான் இஞ்சின் போடுவோம், அல்லது இரும்புக்கு நான் எடுக்கிறேன்" என்று விலையும் சொல்லிவிட்டார். பிள்ளைகளும் சம்மதம். ஹாஜியார் மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் கலியாணம் முடித்து வந்த கார் அது.

பிறகு வயதான ஒரு பாஸ் வந்தார். அவர் புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. இஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். நாலாவதைக் கழற்றியதும் இஞ்சின் சட்டென்று விழுந்தது. மூன்றாவதும் அப்படியே. அதாவது அந்த இரண்டு சிலிண்டரும் வேலை செய்கின்றன. இரண்டாவதைக் கழற்றினார், பெரிய வித்தியாசம் இல்லை. முதலாவதும் அப்படியே. ஆகவே வேலைக்கள்ளர்கள் ஒன்றும் இரண்டும்.

அடுத்து அமுக்கம் பார்க்கும் மானியைப் போட்டார். நாலு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அப்படியானால் ரிங்கும் வால்வும் ஹெட் கேஸ்கட்டும் பிழையில்லை. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரில் அமுக்கம் குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது என்று எண்ணலாம். ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் அதற்குள் கொஞ்சம் ஒயில் விட்டுத் திரும்பப் பார்க்கலாம். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இங்கே அப்படி எதுவும் இல்லை.

ஒன்றாம் இரண்டாம் வயர்களில் நல்ல பொறியும் வந்தது. அமுக்கம் சரி, பொறி சரி. மிஞ்சியது காற்றும் எண்ணெயும். நாலுக்கும் ஒரே காபரேற்றர்தான். அதில் பிழை என்றால் நாலும் அல்லவா திக்க வேண்டும்? ஒன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும் பொதுவானது எது? மேலே சொன்ன அந்தப் பொதுக் கிணறுதான், இரண்டு சிலிண்டருக்கும் ஒரே வாய். பாஸ் ஒரு ஊசிக்குழாயில் தண்ணீர் எடுத்து அந்த மூலையில் கேஸ்கட் விளிம்பில் பீய்ச்சினார். இஞ்சின் ஓடும் சத்தம் உடனே மாறியது. தண்ணீர் ஒரு கணம் ஓட்டையை அடைத்துவிட்டது. ஹெட் வேலை செய்தபோது மேனிபோல்டுக்குப் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். அது ஒரு பக்கம் அமரவில்லை. அந்த இடைவெளியால் வேண்டாத காற்று உள்ளே போய், இரண்டு சிலிண்டருக்கும் பெற்றோல் பற்றாக்குறை. வேகம் கொடுக்கும்போது மொத்தமாக நிறையக் காற்று போவதால் அந்தச் சிறு ஓட்டை பெரிதாகத் தெரியாது. நிற்கும்போது போவதே கொஞ்சக் காற்று, அதனால் நன்றாகத் தெரியும். இதுதான் முழு நோயும். ஒரு கேஸ்கட்டோடு முடிந்தது.

காபரேற்றரை ஏன் முதலில் தொடக்கூடாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மைனரில் இருப்பது எஸ்.யூ. காபரேற்றர். அதன் பெயரின் விரிவு 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் சகோதரர்கள் சப்பாத்து வியாபாரக் குடும்பத்தவர்கள். முதல் காபரேற்றரில் ஏறி இறங்கும் பகுதியைத் தோலால் செய்திருந்தார்கள். பின்னர்தான் உலோகப் பிஸ்டன் வந்தது. இஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதற்கேற்ப அந்தப் பிஸ்டன் தானாக ஏறி, ஊசியையும் தூக்கி, பெற்றோலை அளந்து விடும். அவ்வளவு எளிமை. அதைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு. இஞ்சின் ஓடும்போது பிஸ்டனை அடியிலுள்ள சிறு ஊசியால் மயிரிழை தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெற்றோல் அதிகம். இஞ்சின் விழுந்து நிற்கப்பார்த்தால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் சிறிது கூடித் திரும்பப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஆனால் வேறெங்கோ காற்று ஒழுகும்போது இந்தச் சோதனையைச் செய்து காபரேற்றரைத் திருகினால், நல்ல சிலிண்டர்களையும் கெடுத்துவிடுவோம். ஆகவே காபரேற்றர் எப்போதும் கடைசி.

உங்களுக்காக அந்த ஒழுங்கைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஒன்று: பழைய பெற்றோலை முழுதாக இறக்குங்கள். டாங்கியைக் கழுவி, புதிய பெற்றோல் ஊற்றிய பிறகுதான் மற்றப் பேச்சு. வெளியில், திறந்த இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் சிகரெட் வேண்டாம், பிள்ளைகள் வேண்டாம், நெருப்பு அணைக்க மண் வாளி ஒன்று இருக்கட்டும்.

இரண்டு: பிளக் வயர்களின் ஒழுங்கைப் பாருங்கள். மைனருக்கு 1-3-4-2. டிஸ்ரிபியூட்டர் இடப்பக்கமாக, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகச் சுற்றும். பழைய கொரோலாவின் கே வகை இஞ்சினுக்கு 1-2-4-3. கொரோலாவிலேயே கை பழகிய ஒருவர் பழக்கத்தில் பூட்டினால் இரண்டும் மூன்றும் இடம் மாறிவிடும். ஒன்றும் நாலும் மட்டும் வேலை செய்ய, வண்டி வெடித்து வெடித்து ஓடும்.

மூன்று: பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். நின்ற வண்டியின் பொயின்ட்டைத் துடைக்காமல் ஓடவிடாதீர்கள். குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் மட்டும் திக்கினால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். புதிதாக வாங்கியதுதான் என்பது அதற்குப் பிணை ஆகாது.

நான்கு: டப்பட் இடைவெளி, இஞ்சின் குளிராக இருக்கும்போது 0.012 அங்குலம். ஹெட் வேலைக்குப் பிறகு கொஞ்சத் தூரம் ஓடியதும் திரும்பப் பார்க்க வேண்டும். பலர் டப்பட் சத்தம் போட்டால் பயப்படுகிறார்கள். சத்தமே இல்லாத டப்பட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, எரிந்துபோகும்.

ஐந்து: வயர் கழற்றிப் பார்ப்பது, அமுக்கம் பார்ப்பது, காற்று ஒழுக்குப் பார்ப்பது. இந்த வரிசையில். எந்தச் சிலிண்டர் என்று தெரியாமல் எந்தச் சாமானையும் வாங்காதீர்கள்.

ஆறு: காபரேற்றர். கடைசியில்.

நாலாவது விடயத்தோடு ஒரு வரலாறு ஒட்டியிருக்கிறது. 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்பவர் பெற்றோலுக்குள் ஈயச் சேர்மம் கலந்தால் இஞ்சின் தட்டுச் சத்தம் நிற்கும் என்று கண்டார். 1923 முதல் ஈயப் பெற்றோல் விற்பனைக்கு வந்தது. அந்த ஈயம் வால்வு அமரும் இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து அதைத் தேயாமல் காத்தது. ஏ சீரிஸ் இஞ்சினின் சாதாரண வார்ப்பிரும்பு ஹெட் அந்தக் காலத்துக்குச் செய்யப்பட்டது. ஆனால் ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. நல்ல முடிவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குமுன் ஷெட்டுக்குள் போன மைனர் ஒன்றை இன்று எழுப்பி நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால், வால்வு இருக்கை மெல்லத் தேயும், டப்பட் இடைவெளி சுருங்கும். ஹெட்டைக் கழற்றும் வேலை எப்படியும் வந்தால், கடினமான இருக்கை வளையம் போட்டுவிடச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். பழைய காரின் விலைக்காக அல்ல. மைனருக்கு மதிப்பு கூடியிருப்பது உண்மைதான். இங்கிலாந்திலிருந்தே ஆட்கள் வந்து நமது நாட்டில் மைனருக்கு உதிரிப்பாகம் செய்வித்த காலமும் உண்டு. உலகமே விட்டுவிட்ட ஒரு கைத்தொழில் இங்கே உயிரோடு இருந்ததால்தான் அது நடந்தது. எனது கவலை அந்தக் கைத்தொழிலைப் பற்றியது.

இன்றைய வண்டியில் கணினியைச் செருகினால் பிழையின் இலக்கம் வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் சத்தம் கேட்டு, மணம் பிடித்து, ஒன்றை விலக்கி இன்னொன்றைக் கண்டுபிடிக்கும் அந்த ஒழுங்கான யோசனை, மூடிய பொருளாதாரத்திலும் பொருளாதாரத் தடையிலும் பசியோடு கற்றது. அதை எந்தப் புத்தகத்திலும் எழுதிவைக்கவில்லை. அந்தப் பாஸ்மார் இப்போது எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு 'செய்து கற்றல்' என்று பக்கம் பக்கமாகக் குறிப்புத் தந்தார்கள். அதற்கு இவர்களை விடச் சிறந்த உதாரணத்தை நான் இன்னும் காணவில்லை. சாதாரண தரத்தோடு நின்றுவிட்ட நமது பொடியன்களில் எத்தனை பேர் இவர்களின் பக்கத்தில் ஆறு மாதம் உட்கார்ந்தால் ஒரு தொழில் பெற்றுவிடுவார்கள்!

இன்னொன்றும் உண்டு. வடக்கிலிருந்து வந்த நமது குடும்பங்களிடம் அந்த வாழ்க்கையை நினைவூட்டும் பொருட்கள் மிகக் குறைவு. இரண்டு மணித்தியாலத்தில் என்ன எடுத்துவர முடியும்? ஆகவே ஒரு பழைய கார், ஒரு வண்டிப் புத்தகம், இலக்கத்தகடு, கார் முன்னால் நின்று எடுத்த ஒரு படம், எதுவானாலும் அது சாட்சி. யார் இங்கே வாழ்ந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், எந்தத் தெருவில் எந்த வண்டி ஓடியது என்பதற்கான சாட்சி. இரும்புக் கடைத் தராசில் அதற்கு நிறை மட்டும்தான் உண்டு.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கும் வண்டியை விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். விற்பதாக இருந்தால், அதற்குமுன் வாப்பாவிடமோ மூத்தாப்பாவிடமோ அரை மணித்தியாலம் இருந்து அதன் கதையைக் கேட்டு எழுதிவையுங்கள். எந்த வருடம் வாங்கியது, யாரிடம் வாங்கியது, எங்கே எப்போது நின்றது, யார் திருத்தினார்கள். பழைய படங்கள் இருந்தால் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். ஊரிலுள்ள மூத்த பாஸ்மாரைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர்களை ஒருநாள் பாடசாலைக்கு அழைத்து, பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு இஞ்சினைத் திறந்து பேசவைக்க அதிபரிடம் கேட்டிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ் அடுத்த தவணையில் நடக்கும். ஓடாத இஞ்சின் ஒன்று இருந்தால் அதையும் இரவல் தாருங்கள். பிள்ளைகள் கற்றுக்கொள்ள அதுதான் தோதானது.